கார்ட்டூனில் தொடங்கி கச்சேரி மண்டபம் வரை: சிம்பொனிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் நம் வீடுகளில் இசைக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்தால் ஒரு மாடியில் வர்ணம் கேட்கும், அடுத்த மாடியில் ஜதி. பியானோ பரீட்சைக்கு மாரடிக்கும் பிள்ளைகளும் ஏராளம். ஆனாலும் சிம்பொனி என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள். "அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க" என்று ஒரே போடு.

புரிகிறதோ இல்லையோ, அந்த இசையில் கணிசமான பங்கை நீங்கள் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பூனை எலியைத் துரத்தியபோதும், முயல் வேட்டைக்காரனுக்குத் தண்ணி காட்டியபோதும் பின்னால் ஓடியது லிஸ்ட், ரோசினி, வாக்னர் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசைதான். யாரும் பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழகிய காதை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த படிக்குப் போவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்களை மனத்தில் வைத்திருக்கிறேன். தனியாகப் பார்ப்பவருக்கும் வழி இதேதான்.

ஒரே ஒரு விதியைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தப் படமானாலும் பார்த்த பிறகு ஒரு தடவை திரையில்லாமல் கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல கார்ட்டூன் பார்த்த திருப்தி கிடைக்கும், இசை காதில் நிற்காது.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படங்களின் உயிரே ஒலியும் அசைவும் ஒரே கணத்தில் விழுவதுதான். கதவு அறைகிற சத்தமும் கதவும் கால் நொடி விலகினால் போச்சு. அதனால் புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். புளூடூத்தில் ஒலி சற்றுப் பின்தங்கி வரும். பேச்சுப் படங்களில் பெரிதாகத் தெரியாது, இங்கே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒயர் போட்ட ஸ்பீக்கரோ, சவுண்ட்பாரோ, ஒன்றும் இல்லையென்றால் டிவியின் சொந்த ஒலியோ போதும்.

அடுத்து, புதிய டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். சாம்சுங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். அதை அணைத்துவிடுங்கள். கையால் வரைந்த இரண்டு படங்களுக்கு இடையில் டிவி தானாக ஒரு படத்தை இட்டுக்கட்டிச் செருகும் வேலை அது. கோடுகள் குழம்பும், ஓவியர் திட்டமிட்டு வைத்த வெடுக்கென்ற அசைவு குழைந்துபோகும்.

ஒலி அளவைப் படத்தின் சத்தமான இடத்தில் வைத்து முடிவுசெய்யுங்கள். சிம்பொனி கிசுகிசுப்பில் தொடங்கி இடியில் முடியும். தொடக்கம் கேட்கவில்லையே என்று ஏற்றி வைத்தால் எட்டாவது நிமிடம் பக்கத்து வீட்டு ஆண்டி கதவைத் தட்டுவார். அப்புறம் மழை. நம் ஊரில் சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குக் கொட்டுகிற மழையில், தகரக் கூரை போட்ட டெரஸ் வீட்டில் செலோவின் மெல்லிய ஒலி எங்கே கேட்கப் போகிறது? இரவுச் சாப்பாடு முடித்து எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்வதே நல்லது.

இன்னொன்று. வீட்டுச் சந்தாவில் வரும் படத்தைக் கோயில் மண்டபத்திலோ தாமான் மண்டபத்திலோ பொதுத் திரையிடலாகப் போட்டுக்காட்ட அனுமதி கிடையாது. வீட்டில், சொந்தபந்தத்தோடு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: ஏழு நிமிடப் பூனை

பலரும் நேராக இரண்டு மணி நேரப் படத்தைப் போட்டுவிட்டு, அரை மணியில் தூங்கிப்போவார்கள். அது வேண்டாம். 1947இல் வந்த டாம் அண்ட் ஜெர்ரி குறும்படமான 'த கேட் கான்செர்ட்டோ'வில் தொடங்குங்கள். இயக்கம் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும், இசைப்பொறுப்பு ஸ்காட் பிராட்லி. அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. வசனமே இல்லை என்பதால் ஆங்கிலம் தெரியாத பாட்டியும் கூட உட்காரலாம்.

டாம் வால் வைத்த கறுப்புக் கோட்டில் மேடைக்கு வந்து, பியானோ முன்னால் அமர்ந்து, ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள்ளே ஜெர்ரி படுத்துத் தூங்குகிறது. அந்த இடத்தைக் கவனியுங்கள். டாம் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி எழும்பித் தந்தியை அடிக்கும். அந்தச் சுத்தி எழும்பும்போதெல்லாம் எலி தூக்கத்தோடு தூக்கியடிக்கப்படுகிறது. பியானோ என்பது சுத்தியால் அடித்து ஒலியெழுப்பும் கருவி என்று பிள்ளைக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை, எலி படுகிற பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. டாமின் விரல்களையும் பாருங்கள். பியானோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், விரல் விழும் இடத்துக்கும் காதில் விழும் சுரத்துக்கும் எவ்வளவு பொருத்தம் என்று அதுவே சொல்லும்.

முதல் தடவை சிரித்துவிட்டுப் போங்கள். ஒன்றும் விளக்காதீர்கள். இரண்டாம் தடவை ஒரு நிமிடம் மட்டும் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். அதே சேட்டைகள் சப்பென்று இருக்கும். மறுபடி ஒலியைத் திறந்தால், சிரிப்பில் எவ்வளவு பங்கு இசையிலிருந்து வந்தது என்று விளங்கும். மூன்றாவது, மறுநாள் காடியில் போகும்போது படமில்லாமல் முழு ராப்சடியையும் போடுங்கள். சுமார் பத்து நிமிடம், ஜாலான் ஈப்போ நெரிசலுக்குச் சரியாக இருக்கும். கார்ட்டூனுக்காகச் சுருக்கிய பகுதிகளும் இதில் வரும். "இப்ப ஜெர்ரி முழிச்சுக்கும்" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தால் இந்தப் படி முடிந்தது.

அந்த ராப்சடியின் அமைப்பு நமக்கு அந்நியமே இல்லை. முதல் பாதிக்கு லாஷான் என்று பெயர்: மெதுவாக, இழுத்து, கனத்து நடக்கும். இரண்டாம் பாதி ஃபிரிஷ்கா: ஓட்டம், மேலும் ஓட்டம். விளம்ப காலத்தில் ஆரம்பித்துத் துரிதத்துக்குப் போகும் கச்சேரிக்குப் பழகியவர்களுக்கு இதில் என்ன புதிர்?

இதே வரிசையில் இன்னும் இரண்டு. பக்ஸ் பன்னி நடித்த 'ராபிட் ஆஃப் செவில்' 1950இல் வந்தது, ரோசினியின் ஆப்பெரா (பாடியே நடிக்கும் மேடை நாடகம்) ஒன்றின் முன்னிசையில் முடிதிருத்தும் நிலைய ரகளை. 1957இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'வாட்ஸ் ஆப்பெரா, டாக்?' வாக்னரைக் கிண்டலடிக்கிறது. வாக்னரின் நிபெலுங் மோதிரம் நான்கு ஆப்பெராக்கள் கொண்ட தொடர், முழுதாக மேடையேற்றச் சுமார் 15 மணி நேரம் பிடிக்கும். ஜோன்ஸ் அதிலிருந்தும் வாக்னரின் மற்ற ஆப்பெராக்களிலிருந்தும் கிள்ளியெடுத்து ஏழு நிமிடத்துக்குள் முயலையும் வேட்டைக்காரனையும் ஈட்டி, தலைக்கவசத்தோடு ஆடவிட்டிருக்கிறார். 1992இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. கிண்டலும் பாடம்தான் என்பது என் கட்சி.

படி 2: வாத்தியங்களை அடையாளம் காண

அடுத்து, 'பீட்டரும் ஓநாயும்'. செர்கேய் புரோக்கோஃபியெவ் 1936இல் மாஸ்கோவில் குழந்தைகளுக்காகவே எழுதிய இசைக்கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பஸ்ஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், பீட்டருக்கு வயலின் குடும்பம் முழுவதும்.

டிஸ்னி 1946இல் இதைக் கார்ட்டூனாக்கியது. எனக்குப் பிடித்தது சூசி டெம்பிள்டன் 2006இல் பொம்மைகளைக் கொண்டு எடுத்த அரைமணி நேரப் படம். 2008இல் ஆஸ்கர் வாங்கியது. மற்ற வடிவங்களில் ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே போகும். டெம்பிள்டன் அந்தக் குரலைத் தூக்கிவிட்டார். முழுப் படத்திலும் இசையும் முகங்களும்தான். பொம்மை பீட்டரின் கண்களைப் பார்த்தால் பொம்மை என்று நம்ப முடியாது. வாத்துக்கு நேர்வது சின்னப் பிள்ளைகளை அழவைக்கும், முன்னாலேயே சொல்லிவைக்கிறேன்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓபோவும் பஸ்ஸூனும் இரட்டை நாக்கு வைத்து ஊதுபவை, நாகஸ்வரத்தின் சீவாளி மாதிரியேதான். நாகஸ்வரம் திறந்தவெளிக்குச் செய்தது, ஓபோ மண்டபத்துக்குள் அடக்கி வாசிப்பது. மூக்கால் பேசுவது போன்ற அந்தக் கரகரப்பைத் தைப்பூசத்தில் காது நிறையக் கேட்டவர்கள் ஓபோவைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். கிளாரினெட்டோ கர்நாடக மேடைக்கே வந்து சேர்ந்த வாத்தியம். வயலின் கேட்கவே வேண்டாம்.

படம் பார்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு இசையை மட்டும் போட்டு, யார் வருகிறார்கள் என்று சொல்லும் விளையாட்டு விளையாடலாம். தாத்தாவை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். பூனைக்கும் பறவைக்கும்தான் முதலில் தகராறு வரும்.

படி 3: ஃபேன்டேஷியா, துண்டு துண்டாக

இப்போது பெரிய படம். வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேஷியா' 1940 நவம்பர் 13 அன்று நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், எட்டுப் பகுதிகள். லியோபோல்ட் ஸ்டொக்கோவ்ஸ்கி நடத்த ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா பெரும்பகுதியை வாசித்தது. ஒலி திரையின் பல பக்கங்களிலிருந்தும் வரவேண்டும் என்று ஃபேன்டசவுண்ட் என்னும் தனி முறையையே உருவாக்கினார்கள். அந்தக் கருவிகளைத் திரையரங்குகளில் பொருத்த ஆன செலவும், போரினால் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டதும் சேர்ந்து, முதல் வெளியீட்டில் படம் நஷ்டப்பட்டது.

ஒரே மூச்சில் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி. நடுநடுவே ஒருவர் மேடையில் நின்று விளக்கவுரை சொல்வார், தாராளமாகத் தாண்டிப்போங்கள். படத்தில் உள்ள வரிசையையும் பின்பற்ற வேண்டாம். நான் சொல்லும் வரிசை வேறு.

மந்திரவாதியின் சீடன் முதலில். படமே இதிலிருந்துதான் முளைத்தது. மிக்கி மவுசுக்காகத் தனிக் குறும்படமாகத் தொடங்கியது, செலவு எகிறியதும் முழுநீளப் படமாக வளர்ந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் போல் டுக்கா 1897இல் எழுதிய இசை, அடியில் இருப்பது கோத்தேயின் கவிதை. தண்ணீர் சுமக்க அலுத்துப்போன சீடன் துடைப்பத்துக்கு உயிர் கொடுத்து வேலை ஏவுகிறான். நிறுத்தும் மந்திரம் தெரியாது.

துடைப்பம் நடக்கத் தொடங்கும்போது கேட்பது பஸ்ஸூன், படி 2இல் வந்த தாத்தா. தொந்தி குலுங்க நடப்பது போல ஒரு மெட்டு. வீடு வெள்ளக்காடானதும் மிக்கி கோடரியால் துடைப்பத்தைச் சுக்குநூறாக்குகிறது. இசை ஓய்ந்துவிடுகிறது. கிட்டத்தட்ட நிசப்தம். பிறகு, எல்லா வாத்தியத்துக்கும் அடியிலிருந்து, கான்ட்ராபஸ்ஸூன் ஒற்றைச் சுரத்தை உறுமுகிறது. ஒரு சிராய் அசைகிறது. இன்னொரு உறுமல். அதே நடை மெட்டு மறுபடி தட்டுத்தடுமாறி எழுகிறது, இப்போது பின்னாலேயே பாஸ் கிளாரினெட் அதே மெட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு துடைப்பம் பலவாகிவிட்டதை டுக்கா காதுக்குச் சொல்லியாகிவிட்டது. ஓவியர்கள் நாற்பது வருடம் கழித்து அதைக் கண்ணுக்குச் சொன்னார்கள். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இரண்டு தரம், மூன்று தரம் ஓட்டிப் பாருங்கள். இசைக்குப் படம் வரைவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, மணி நேரங்களின் நடனம். பொன்கியெல்லியின் ஆப்பெராவில் வரும் பாலே இசைக்குத் தீக்கோழியும் நீர்யானையும் யானையும் முதலையும் ஆடுகின்றன. பரதம் படிக்கும் பிள்ளைகள் நீர்யானையின் பாத வேலையைக் கூர்ந்து பார்ப்பார்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

அடுத்து சைக்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர். பாலேவின் கதையை விட்டுவிட்டு, பனித்துளி, இதழ், மீன், முட்செடி என்று இயற்கையை ஆடவிட்டிருக்கிறார்கள். தேவதைகள் சிலந்தி வலையில் பனித்துளி கோக்கும்போது கிண்கிணியென்று ஒலிப்பது செலெஸ்டா என்னும் சின்ன விசைப்பலகை வாத்தியம். சீன நடனம் என்ற பகுதியில் காளான்களுக்குச் சாய்ந்த கண் வைத்திருப்பார்கள். 1940இன் அமெரிக்கக் கண் அது. பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையும் கூட உட்கார்ந்து பார்க்கும் நம் ஊரில் அதைக் கண்டும் காணாமல் விட முடியாது. "அந்தக் காலத்துல இப்படித்தான் வரைஞ்சாங்க, சரியில்ல" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடருங்கள். குட்டிக் காளானின் தாளம் மட்டும் அபாரம்.

நான்காவது, ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு. 1913இல் பாரிசில் முதல் மேடையேற்றத்திலேயே அரங்கம் ரகளையானது. டிஸ்னி அந்தச் சடங்குக் கதையைத் தூக்கிவிட்டு பூமி தோன்றியதிலிருந்து டைனசோர் அழிந்ததுவரை வரைந்துவிட்டார். டைனசோர் பைத்தியம் பிடித்த பையன் வீட்டில் இருந்தால் இரண்டு தவறுகளை உடனே சொல்வான்: டி-ரெக்சுக்குக் கையில் மூன்று விரல் இருக்கிறது, இரண்டுதான் இருக்க வேண்டும். ஸ்டெகோசாரஸ் அதனோடு சண்டை போடுகிறது, நிஜத்தில் இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டு இடைவெளி. சொல்லட்டும். இசையின் விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

மொட்டை மலையில் ஓர் இரவு ஐந்தாவது. முசோர்க்ஸ்கியின் இசைக்கு, மலையுச்சியே சிறகு விரித்துப் பேயாகிறது. இருட்டும் எலும்புக்கூடும் நிறைய, படுக்கப்போகும் நேரத்தில் குட்டிகளுக்குப் போடாதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் படத்தின் உச்சம் என்பேன்.

மொட்டை மலையை ஒட்டியே வரும் ஷூபர்ட்டின் ஆவே மரியாவை விட்டால், மிச்சம் இரண்டு. பாக்கின் டொக்காட்டாவில் கதையே கிடையாது, கோடும் ஒளியும் நிழலும்தான். அதைப் படத்தின் தலைவாசலில் வைத்துதான் பலரை விரட்டிவிட்டார்கள். காது பழகிய பிறகு பார்த்தால் அருமையாக இருக்கும். பீத்தோவனின் ஆறாவது சிம்பொனிக்கு வரைந்த கிரேக்கப் புராணப் பகுதி எனக்கு ஒட்டவில்லை. சிம்பொனியை வெட்டிச் சுருக்கி, சர்க்கரைப்பாகு ஊற்றியது போல இருக்கும். முதலில் அதில் ஒரு கறுப்பினப் பணிப்பெண் பாத்திரத்தை இழிவாக வரைந்திருந்தார்கள். பின்னாளில் வந்த பிரதிகளில் அந்தப் பாத்திரத்தை வெட்டிவிட்டார்கள். இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு சிம்பொனியை நேராகக் கேட்டாலும் குறைவில்லை.

தொடர்ச்சியான 'ஃபேன்டேஷியா 2000' நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு ஏற்றது, மொத்தமே 75 நிமிடம் போலத்தான். அதில் கெர்ஷ்வினின் ராப்சடி இன் புளூவுக்கு வரைந்த 1930களின் நியூயார்க், நம் எல்ஆர்டி நெரிசலில் நின்று அலுத்தவர்களுக்கு உடனே பிடிக்கும்.

படி 4: தாளம் போட்டுப் பாருங்கள்

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படச் சட்டம். பன்னிரண்டு சட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 120 அடி, அணிவகுப்பு நடை. எட்டுச் சட்டத்துக்கு ஓர் அடி என்றால் 180, அது துரத்தல். பழைய கார்ட்டூன் கூடங்களில் இயக்குநரும் இசையமைப்பாளரும் இந்தக் கணக்கைத் தாளில் கோடுபோட்டு எழுதிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். ஃபேன்டேஷியாவில் அது தலைகீழ். இசையை முன்னாலேயே பதிவுசெய்தாகிவிட்டது. ஸ்டொக்கோவ்ஸ்கி எங்கே தயங்கினாரோ அங்கே ஓவியரின் பென்சிலும் தயங்கியாக வேண்டும்.

தொடையில் தட்டிப் பாருங்கள். நட்கிராக்கரில் கடைசியாக வரும் பூக்களின் வால்ட்ஸ் மூன்று மூன்றாக ஓடும், திஸ்ரம் போட்டால் கை தானாக உட்கார்ந்துவிடும். துடைப்பத்தின் நடையும் அப்படித்தான், வேகம்தான் வேறு. வசந்தச் சடங்கில் எரிமலைகள் கொதிக்கும் இடத்துக்கு வந்ததும் கை திணறும். தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே கனத்த சுரக்கட்டை விடாமல் சமமாக இடிக்கின்றன, அழுத்தம் மட்டும் எதிர்பாராத அடியில் வந்து விழுகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் சமத்தைத் தவிர்த்து விளையாடுவதைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தாளம் போடத் தெரிந்த நம் பிள்ளைகள் இந்த இடத்தில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அக்கா மகள் கையால் எண்ணிக்கொண்டே வந்து, "மாமா, இவங்க வேணும்னே ஏமாத்துறாங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

படி 5: டிஸ்னியைத் தாண்டி

புரூனோ போட்செட்டோ என்ற இத்தாலியர் 1976இல் 'அல்லெக்ரோ நொன் த்ரொப்போ' என்று ஃபேன்டேஷியாவுக்கு ஒரு பதிலடிப் படம் எடுத்தார். பெரியவர்களுக்கானது, சில காட்சிகளைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். ராவெலின் பொலேரோவுக்கு, வீசியெறிந்த குளிர்பானப் புட்டியில் மிஞ்சிய சொட்டிலிருந்து உயிரினங்கள் முளைத்து ஊர்வலம் போகின்றன. பொலேரோவில் மெட்டு மாறாது, பின்னால் ஓடும் சிறு முரசின் தாளமும் மாறாது, வாத்தியமும் ஒலியளவும் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பரிணாம ஊர்வலத்துக்கு அது கச்சிதம். அதே படத்தில் சிபெலியுசின் சோக வால்ட்ஸுக்கு, இடிந்த வீட்டில் ஒரு பூனை பழைய நாட்களை நினைத்துப் பார்க்கிறது. கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து இசையும் இந்தக் கதையில் உண்டு. கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரனும் கிளாட் ஜூட்ராவும் 1957இல் எடுத்த 'எ செய்ரி டேல்' படத்தில், ஒருவர் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார், நாற்காலி விடமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் கதை. இசை ரவிசங்கரின் சிதாரும் சதுர்லாலின் தபலாவும். நாற்காலி முரண்டுபிடிக்கும்போது தபலா கேள்வி கேட்கும், சிதார் சமாதானம் பேசும். பத்து நிமிடம்தான். இதில் வரைபடமே இல்லை, நிஜ மனிதரையும் நிஜ நாற்காலியையும் வைத்தே எடுத்தது. மெக்லாரனின் படங்களை அந்த வாரியத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், காசில்லாமல் பார்க்க நிறைய வைத்திருக்கிறார்கள்.

படி 6: மண்டபத்துக்குப் போவது

இவ்வளவு தூரம் வந்த பிறகு நேரில் கேட்காவிட்டால் எப்படி? நம் ஊரில் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் இருக்கிறது. 1998 ஆகஸ்டில் திறந்த மண்டபம், மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் வீடு. இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே இருந்தும், சூரியா கேஎல்சிசியில் சாமான் வாங்கிவிட்டு அதைத் தெரியாமலே வீடு திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கேஎல் சென்ட்ரலில் கெலானா ஜெயா தடத்தில் ஏறினால் நேராகக் கேஎல்சிசி நிலையம். செந்தூலில் இருந்து வருபவர்கள் மஸ்ஜித் ஜாமெக்கில் மாற வேண்டும்.

நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, குடும்பத்துக்கான பகல் நிகழ்ச்சியில் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு வயது வரம்பு இருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக்குச் சண்டை போடாதீர்கள். அங்கிருந்து வயலின்காரர்களின் முழங்கால்தான் தெரியும், ஓபோவும் பஸ்ஸூனும் அவர்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். மேல்தளத்து இருக்கையிலிருந்து பார்த்தால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முழுவதும் தெரியும், விலையும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அரைக்கால்சட்டையும் சிலிப்பரும் வேண்டாம். ஜிப்பா, சேலை, பாத்தேக் சட்டை எல்லாம் தாராளமாகச் செல்லும். தாமதமாகப் போனால் கதவு உடனே திறக்காது, ஓர் உருப்படி முடியும்வரை வெளியில்தான் நிற்க வேண்டும். நம் சபா வழக்கங்களில் இரண்டை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்: சத்தமாகத் தாளம் போடுவது, நடுவில் "பலே" சொல்வது. ஒரு சிம்பொனியில் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், இடையிடையே மௌனம் வரும். அப்போது கைதட்டுவதில்லை. சந்தேகமாக இருந்தால் நடத்துநர் கோலைக் கீழே இறக்கிப் பார்வையாளர் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். ஏசி கடுங்குளிர். பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் படம் ஓட, கீழே முழு ஆர்கெஸ்ட்ராவும் நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிகள் இப்போது உலகின் பல நகரங்களில் நடக்கின்றன. கோலாலம்பூரில் அப்படி ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

படி 7: நீங்களே ஒரு பத்து வினாடி

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: நாமும் செய்யலாமா? செய்யலாம், நம் இசையை வைத்தே. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இதற்கென்றே எழுதியது போல இருக்கும். ஐரோப்பிய பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தவை. 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டு. கமகம் இல்லாத நேர்சுரங்கள், அடிகள் தெளிவாக விழும், சங்கீத வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குத் தெரிந்தும் இருக்கும்.

பிள்ளையையே பாடச்சொல்லி, நொடிக்கு ஓர் அடி வீதம் பத்து அடியைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். நொடிக்கு 12 படம் போதும், அப்படியானால் ஓர் அடிக்கு 12, மொத்தம் 120. எண்ணிக்கை மலைக்க வைக்கும். ஆனால் வரைய வேண்டாமே. மேசைமேல் கொண்டைக்கடலையை வைத்துத் துளித்துளியாக நகர்த்தி, ஸ்டாப் மோஷன் செயலியில் படம் பிடித்தால் போதும். கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, அசையாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னல் திரையை இழுத்து விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். மேகம் வந்து போனால் படம் மினுக்கும். முதலில் ஒவ்வோர் அடியிலும் கடலை எங்கே நிற்க வேண்டும் என்று தாளில் பத்துப் புள்ளி குறித்துக்கொள்ளுங்கள், இடையில் உள்ள பதினொன்றை அப்புறம் நிரப்பலாம். தொழில்முறை ஓவியர்கள் செய்வதும் இதுதான்.

இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் ஒன்று கவனம். தீட்சிதரும் லிஸ்ட்டும் காலமாகிப் பல காலம் ஆனாலும், ஒரு பாடகரோ ஆர்கெஸ்ட்ராவோ வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கும். ஏற்றிய சில நிமிடத்தில் யூடியூப் அந்த ஒலியை அடையாளம் கண்டு, வீடியோவை முடக்கவோ ஊமையாக்கவோ செய்யலாம். பிள்ளையின் சொந்தக் குரலாக இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.